ஒட்டுத் தாடி

கனடாவில் மேடையிலும் திரைப்படங்களிலும் நடித்தே வாழ்ந்துவிட்டேன். ஆனால் என் நடிப்பை முதலில் சோதித்தவர் திருகோணமலையில் ஒரு சிப்பாய்.

போர்க்காலம். அன்று பின்னேரம் நகரின் ஓர்ஸ் ஹில் பகுதியில் எங்கள் நாடகம். நான் அரசன். துறைமுகத்தருகே சோதனைச் சாவடியில் என் பையைக் கிளறிய சிப்பாயிடம் ஒட்டுத் தாடி அகப்பட்டது.

"இது போட்டு எங்க ஒளிக்கிறது?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"நாடகத்துக்கு, ஐயா. நான் நடிக்கிறனான்."

"அப்ப நடி."

துவக்கு என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை. என்னோடு வந்திருந்த அக்காவுக்கு, ஒத்திகை கேட்டுக் கேட்டு எல்லாம் பாடம். "மந்திரியே, என் மகன் எங்கே?" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

நான் தொடர்ந்தேன். அரசனின் கம்பீரம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வரிசையில் நின்ற சனம் தலையைக் குனிந்துகொண்டது. சிப்பாய் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, தாடியை வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்.

தாடியில்லாமலே அன்று அரசனாக நடித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் அக்கா சொன்னாள்: "இனி நடிக்க வேண்டாம் எண்டு சொல்லத்தான் நினைச்சனான். நீ நடிச்சதைப் பார்த்தபிறகு சொல்ல ஏலாமப் போச்சு."