மிளகு ஒட்டிய பாலக்காடு

மாநில விலங்கு வரையாடு, பறவை மரகதப் புறா, மரம் பனை, மலர் செங்காந்தள் என்று என் பேத்தி மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். எங்கள் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. சென்னை ராஜ்யத்துக்கென்று எங்களுக்குத் தெரிந்த ஒரே அடையாளம், சர்க்கார் கடிதாசியில் இருக்கும் கோபுரம்தான். அது ஸ்ரீரங்கத்துக் கோபுரமேதான் என்று எங்கள் டீச்சர் சாதிப்பார். அவர் வீடு ஸ்ரீரங்கத்தில். திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாங்கள் நாலைந்து பேர், இல்லை, அது எங்கள் ஊர்க் கோபுரம் என்று முணுமுணுப்போம். இரண்டுமே இல்லை என்று பிற்பாடு தெரிந்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ஐம்பத்தாறில் மொழிவாரியாகப் பிரித்து ராஜ்யத்தின் எல்லையையே மாற்றினார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. டீச்சர் சுவரில் தொங்கிய பழைய மேப்பைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, "மலபார் போயிடுச்சு, கன்னியாகுமரி வந்துடுச்சு. புது மேப்பை நீங்கதான் செஞ்சுட்டு வரணும்" என்றார். அட்டையில் மேப் வரைந்து, அந்தந்த ஜில்லாவில் விளைவதை அங்கங்கே ஒட்ட வேண்டும். முதலாவதாக வருவது ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் மாட்டப்படும். அந்த அறைக்குள் நான் திட்டு வாங்கத்தான் போயிருக்கிறேன். என் மேப்பாவது மரியாதையாகப் போகட்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

வீட்டில் எனக்குக் கை கொடுக்க அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. பாலக்காட்டில் பித்தளைப் பாத்திரக் கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஆடிக்கு வந்தவள், தீபாவளி போயும் திரும்பவில்லை. அவள் கையில் முழங்கைக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு இருந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றாள். வீட்டில் அதை நம்பியவள் நான் ஒருத்திதான்.

அத்தை மைதாவைக் காய்ச்சிப் பசை பண்ணினாள். தஞ்சாவூருக்கு நெல், கோயமுத்தூருக்குப் பஞ்சு, ராமநாதபுரத்துக்கு மிளகாய் விதை, நீலகிரிக்கு டீத்தூள். திருச்சிக்கு வாழைப்பழத்தை எப்படி ஒட்டுவது என்று நான் திகைத்தபோது, கொல்லையிலிருந்து வாழைச்சருகைக் கொண்டுவந்து சின்னச் சின்னதாக நறுக்கித் தந்தாள். அத்தனை கெட்டிக்காரி. அவள்மேல் எனக்குக் கொள்ளை ஆசை, போகவே கூடாது என்று தினம் சாமியிடம் சொல்லுவேன்.

மேற்குப் பக்கம் கோடு இழுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. "அத்தை, உங்க ஊரு நம்ம ராஜ்யத்துலயே இல்ல. கேரளாவுக்குப் போயிடுச்சு."

அத்தை நான் இழுத்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இங்கேருந்து அங்க போகக் கூடாதுன்னு ஏதும் சட்டம் போட்டிருக்காங்களா?"

"இருக்கும்" என்றேன். எல்லாம் தெரிந்த மேதாவி அல்லவா நான்.

"அதை உங்கப்பாகிட்ட சொல்லேன்" என்று சிரித்தாள்.

சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலை நிமிரவில்லை. "ரயில் எப்பவும் போலத்தான் ஓடுது. அடுத்த வாரம் கொண்டு வந்து விடுறேன்னு மாப்பிள்ளைக்குக் காயிதம் போட்டுட்டேன். ஊர்ல நாலு பேரு கேக்குறாங்க, நான் என்னத்த சொல்றது?" என்றார். அம்மா, "இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமேங்க" என்று இழுத்தாள். அப்பா மோருக்குக் கை நீட்டினார். அத்தை சமையலறைக்குள் போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு மனசே ஆறவில்லை. பாவம், புருஷன் ஊரை ராஜ்யத்திலிருந்து தள்ளிவிட்டார்களே, அழமாட்டாளா? பரிசு போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் கோயமுத்தூருக்கு மேற்கே ஒரு துண்டு அட்டையைச் சேர்த்து ஒட்டி, அஞ்சறைப் பெட்டியில் இருந்த மிளகு அத்தனையையும் அதன்மேல் பதித்தேன். அத்தையைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

"பாருங்க, உங்க ஊரைத் திரும்பச் சேத்துட்டேன்."

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, பசை காயாத மிளகை நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தாள். பிறகு அட்டைத் துண்டையும் கிழித்தாள். "வேணாம் கண்ணு. தப்பா இருந்தா டீச்சர் மார்க்கைக் குறைச்சுடுவாங்க" என்றாள். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நான் நெகிழ்ந்து போனேன்.

மேப் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனது. அந்த வாரமே அத்தையும் கிளம்பினாள். திருச்சி ஜங்ஷனில் ஈரோட்டு வண்டி நின்றிருந்தது. அப்பா பெட்டியை ஏற்றி இடம் போட உள்ளே போயிருந்தார். அத்தை பிளாட்பாரத்தில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"அழாதீங்க அத்தை. மேப்புலதான் மாத்தியிருக்காங்க. உங்க ஊரு அங்கேயேதான் இருக்கு. எங்கேயும் போயிடல."

அத்தை என்னைப் பார்த்தாள். "ஆமாம் கண்ணு, அங்கேயேதான் இருக்கு" என்றாள். கையை விட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். அழுகை நின்றிருந்தது. நான் சொன்னதால்தான் நின்றது என்று அம்மாவிடம் எத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.