இன், ஆன், அண்டர் மாஸ்டர்

என் தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் ஒரு பலகை: "சரளமாக ஆங்கிலம். வெளிநாட்டு அனுபவம் உள்ளவர் நேரடியாகக் கற்றுத் தருகிறார்." அந்த அனுபவம் உள்ளவர் என் தங்கை புருஷன். யாரையும் இளக்காரமாக நினைக்கக் கூடாது கடவுளே என்று கும்பிட்டுவிட்டுத்தான் தினமும் கடையைத் திறக்கிறேன். மாடிப்படியில் அவருடைய ஷூ சத்தம் கேட்கும் வரைக்கும் அந்த நல்ல புத்தி என்னோடு இருக்கும்.

வெளிநாட்டில் அவர் பார்த்தது கிடங்கு வேலை. ஜன்னலே இல்லாத பெரிய கொட்டகை, கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். மேலதிகாரி வந்து எந்தப் பெட்டி எங்கே என்று இங்கிலீஷில் கேட்பாராம், இவர் ஓடிப்போய்க் காட்ட வேண்டுமாம். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைத் தவிர வேறொன்றையும் யாரும் அவரிடம் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுகூட. இதையெல்லாம் என் தங்கை எப்போதோ என்னிடம் சொன்னாள். அவரே வாய்விட்டுச் சொல்லி அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அவரோ கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கி, "அங்க நமக்கு எல்லாமே இங்கிலீஷ்லதான்" என்றார். கொஞ்ச நாளில் பலகை தொங்கியது, ஊருக்கு அவர் இங்கிலீஷ் மாஸ்டர் ஆனார்.

வகுப்பில் நடப்பது முழுக்க எனக்குக் கீழே கேட்கும். "வேர் ஈஸ் த பென்?" என்று அவர் கேட்பார். பேனா மேசைமேல் இருக்கிறது என்று எல்லாரும் கத்துவார்கள். பிறகு சாவி, பிறகு குடை, பிறகு செருப்பு. ஒருவர் சேரும் அன்றைக்கு இந்தப் பாடம்தான், சலித்துப்போய் நின்றுவிடும் அன்றைக்கும் இதேதான். நடுவில் ஏதாவது புதிதாக வருமா என்று ஊசியில் நூல் கோப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன். புதிதாக வந்தது ஒன்றே ஒன்று: "வேர் ஈஸ் த லாக்?", பூட்டு எங்கே என்று.

அதிலும் ஒரு குழப்பம் உண்டு. தமிழில் "ல" வந்தால் இங்கிலீஷில் "இன்" போட வேண்டும் என்று அவராக ஒரு சட்டம் செய்திருந்தார். பெட்டியில என்றால் இன், மேசையில என்றாலும் இன். வகுப்பில் ஒரு கொத்தனார் இருந்தார், எதையும் அளந்து பார்க்கிற மனுஷன். அவர் விடவில்லை.

"சார், மேசையில பேனான்னு சொல்லி இன் போட்டா, பேனா மேசைக்குள்ள போயிடுமே? உடைச்சில்ல எடுக்கணும்?"

"அப்போ ஆன் போட்டுக்குங்க."

"சட்டைப்பையில இருந்தா?"

"அதுக்கும் ஆன் போட்டுக்கலாம். பேசுற வேகத்துல யாருக்குய்யா தெரியப்போகுது?"

அன்றிலிருந்து பாதி வகுப்பு இன், பாதி வகுப்பு ஆன். "அண்டர்" ஒன்றுதான் யாருக்கும் தப்பாது. கீழே என்றால் கீழேதான், அதில் அவராலும் குழப்ப முடியவில்லை.

இன்னொரு கட்டளையும் உண்டு. "கேள்வி வந்ததும் யோசிக்கக் கூடாது. யோசிச்சா கிராமர் குறுக்க வரும். முழு வாக்கியம், சத்தமா, எல்லாரும் சேர்ந்து!"

வீட்டிலும் இதே கூத்துதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே "வேர் ஈஸ் மை ஷர்ட்?" என்று கேட்பார். என் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்துக் கொடுப்பாள். கண்ணுக்கு முன்னால் கொடியில் தொங்கும் சட்டையைத்தான் சொல்கிறேன்.

தங்கை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கில வகுப்பு வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், இதுவரை தனக்கென்று ஒரு நாள் லீவுகூடக் கேட்காதவள், புருஷனுக்காக மானேஜரிடம் போய் நின்றாள். துணி வாங்க வரும் வெளிநாட்டு அம்மா வகுப்பை ஒரு தடவை நேரில் பார்க்கட்டும், அவர்களுக்குப் பிடித்தால் உன் வீட்டுக்காரருக்கே தருகிறோம் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

"அக்கா, இது அமைஞ்சிட்டா அவருக்கு நிலையா ஒரு இடம் கிடைச்சிடும். அமையலேன்னா மானேஜர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றாள் என்னிடம்.

மாஸ்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "வரட்டும். நம்ம கிளாஸைப் பார்த்தா அந்தம்மா அசந்துபோகும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "வந்து... பேசுமா?" என்று கேட்டார்.

"பேசாம? அதுக்குத்தானே வர்றாங்க" என்றாள் தங்கை.

அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நாளுக்காக நான் ஒரு புதுச் சட்டை தைத்துக் கொடுத்தேன். சாக்பீஸ் வைக்க வேண்டும், பை ஆழமாக இருக்கட்டும் என்றார். மேசைக்குத் தரைவரை தொங்கும் விரிப்பும் வேண்டும் என்றார், மிச்சத் துணியை ஒட்டுப்போட்டு அதையும் தைத்தேன். பெஞ்சு காலியாகத் தெரியக் கூடாதாம். "அக்கா, நீங்களும் வந்து கடைசியில உட்காருங்க. ஒண்ணும் பேச வேணாம், வாயை மட்டும் அசைங்க" என்றார். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இவர் புண்ணியத்தில் மறுபடியும் ஒரு பெஞ்சு.

வாசலில் கார் நின்றது. மாடிப்படியில் பேச்சு ஏறி வந்தது. எங்கள் மாடிக்குப் பழக்கமான இங்கிலீஷ் இல்லை அது. நிற்காமல், மூச்சு விடாமல், நடுநடுவே சிரித்துக்கொண்டு வந்தது. அதில் எங்கேயும் பேனாவும் இல்லை, மேசையும் இல்லை. மாஸ்டரின் நெற்றி வியர்த்தது. சட்டைப்பையைத் தொட்டார், கதவைப் பார்த்தார், "அடடா, சாக்பீஸ் கீழ விழுந்திடுச்சே" என்றார். விரிப்பைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போனார். விரிப்பு மூடிக்கொண்டது. சாக்பீஸ் எதுவும் விழவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த அம்மா உள்ளே வந்தார். பின்னால் மானேஜர், அவருக்கும் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு என் தங்கை. அம்மா எங்களைப் பார்த்து நீளமாக என்னவோ சொன்னார். நாங்கள் பல்லைக் காட்டினோம். முன்னால் காலி நாற்காலியைப் பார்த்ததும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார்:

"வேர் ஈஸ் த டீச்சர்?"

கடவுளே, அந்தக் கேள்வியை நம்பித்தானே இத்தனை பேரும் இவ்வளவு காலம் தொண்டை கிழியக் கத்தினார்கள்! யாரும் யோசிக்கவில்லை. முழு வாக்கியம், சத்தமாக, எல்லாரும் சேர்ந்து:

"த டீச்சர் ஈஸ் அண்டர் த டேபிள்!"

வாயை மட்டும் அசைக்கச் சொன்னாரே என்பது எனக்குச் சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்த அம்மா குனிந்து விரிப்பைத் தூக்கினார். கையும் முழங்காலும் தரையில் ஊன்றி, குழந்தை தவழ்வதுபோல இருந்தார் எங்கள் வெளிநாட்டு அனுபவம். ஏதாவது சொல்லியாக வேண்டும். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"வேர் ஈஸ் த சாக்பீஸ்?"

பாதிப் பேர் "இன் யுவர் பாக்கெட்" என்றார்கள், பாதிப் பேர் "ஆன் யுவர் பாக்கெட்" என்றார்கள். கொத்தனார் எழுந்து நின்று, "இன்தான் சரி. பை ஆழம்" என்று தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மானேஜரிடம் ஏதோ சொன்னார். மானேஜர் எங்களிடம், "படிக்கிறவங்க எல்லாம் தைரியமா பேசுறீங்களாம். சொல்லித்தர்றவரைத்தான் காணோமாம்" என்றார். சிரிக்காதது இரண்டே பேர்தான். ஒருவர் மேசைக்கு அடியில் இருந்தார். இன்னொருத்தி என் தங்கை.

தொழிற்சாலை வகுப்பு வேறொருவருக்குப் போனது. அதனால் மாஸ்டர் தலை குனிந்தாரா என்றால், அதுதான் இல்லை. "அது டெமோ, அக்கா. அண்டர்னா என்னன்னு நடிச்சுக் காட்டினேன். மேல்நாட்டுல எல்லாம் இப்படித்தான் பாடம் நடத்துவாங்க. அந்தம்மாவுக்குப் புரியல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கு நல்ல புத்தி கொடு என்று அன்று கும்பிட்டேன். கடவுளுக்கும் அது சுலபமான வேலை இல்லை.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கமான குரல் கேட்டது.

"வேர் ஈஸ் மை ஷர்ட்?"

அடுப்பை அணைக்கும் சத்தம் வரவில்லை. தாளிப்பு பொரிந்துகொண்டே இருந்தது.

"ஏம்மா, கேட்குதா? வேர் ஈஸ் மை ஷர்ட்?"

"அண்டர்" என்றாள் என் தங்கை.

"எதுக்கு அண்டர்?"

"போய்த் தேடுங்க. உங்களுக்குப் பழகின இடம்தானே."

நாற்காலி நகர்ந்தது. கட்டிலை இழுக்கும் சத்தம், அப்புறம் பீரோவை இழுக்கும் சத்தம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். புதுச் சட்டை வெளிக்கொடியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் மனம் இளகியது. பிறகு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.