எதிர்க்கடைக்காரன்

எங்கள் தெரு டீக்கடை அக்கா ஒரு சொல் சொல்வார்: "தொழிலுக்குப் பங்காளி இல்லாட்டியும் பரவாயில்ல, பகையாளி ஒருத்தன் வேணும்." பல தடவை கேட்டுச் சிரித்திருக்கிறேன். இந்த ஆடிப் பெருக்கன்றுதான் உறைத்தது.

சிவகாசியில் அவனும் நானும் எதிரெதிரே கடை போட்டுக் காலண்டர் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரே வயது, ஒரே கல்லூரி. நான் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் அவன் பல் விளக்காத வாயோடு ஓடி வருவான். அவன் வெளியூர் கிளம்பினால் எனக்குச் சோறு இறங்காது. ஜனங்கள் தேதியைப் போனிலேயே பார்க்க ஆரம்பித்ததும் ஆர்டர் சுருங்கியது. நான் கடையைப் பூட்டிவிட்டு, சூலக்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். அவன் பூட்டவில்லை. பிடிவாதம் என்றார்கள் சிலர். மாமனார் கொடுத்த தைரியம் என்றார்கள் சிலர். எதுவானாலும் அவன் கடையில் விளக்கெரிவதைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும்.

ஆடிப் பெருக்கு எங்களுக்கு முக்கியமான நாள். அடுத்த வருடத்து மாதிரிக் காலண்டர்கள் ஆல்பமாக வெளிவருவது அன்றுதான். நல்ல நாளாயிற்றே என்று, என் கடையை வாடகைக்குக் கேட்ட பெண்ணைச் சாவி வாங்க வரச் சொல்லியிருந்தேன். படிப்பு முடித்த கையோடு அவளும் காலண்டர் தொழிலில் இறங்குகிறாள்.

அவள் தன் முதல் ஆல்பத்தோடு வந்து நின்றாள். எதிரே அவன் தன் ஆல்பத்துக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான்.

"வா மாப்ள, சாப்பிட்டியா? ஒடம்பெல்லாம் எப்படி?"

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை. பதிலுக்குக்கூட நிற்காமல் அவன் கண் அந்தப் பெண்ணின் கைக்குப் போய்விட்டது.

"ஏம்மா, டெய்லி காலண்டரும் போடுறியா? அச்சு எங்கன?"

"அது ஒங்களுக்கு எதுக்குண்ணே?" அவள் ஆல்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அவன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். திருட்டுப் பூனைப் பார்வை. அது எனக்கு வரவேண்டிய பார்வை! என்னிடம் நலம் விசாரிக்கிறான். பொறாமையை இன்னொருத்திக்குக் கொடுக்கிறான். அவனை அத்தனை நாளும் தொழிலில் கட்டிப்போட்டது எதுவென்று அப்போது புரிந்தது. நான் போனபின் வேறு எதிரியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். நான்தான் அனாதையாகிவிட்டேன்.

சாவியைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

"தங்கச்சி, கடை குடுக்கிறதா இல்ல. நானே தெறக்கப் போறேன்."

"அப்ப எதுக்குண்ணே இந்த வெயில்ல வரச் சொன்னீக?"

"தப்புதாம்மா."

"பின்னாடித் தெருவுல ஒரு கடை கெடக்கு. அங்கன போட்டுக்கிறேன். அண்ணன்மாரு ரெண்டு பேரும் சேர்ந்து முழிங்க." விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

எதிரே சிரிப்பு அணைந்திருந்தது.

"ஏலே, நெசமாவாலே?"

"நெசந்தாம்லே."

அவன் சந்தனம் காயாத ஆல்பத்தைத் தூக்கிப் பைக்கில் வைத்தான்.

"எங்கலே போற?"

"ஒனக்கு எதுக்கு?"

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மேனேஜருக்குப் போன் போட்டு, இனி வேலைக்கு வரமாட்டேன் என்றேன். என்னப்பா திடீரென்று என்று பதறினார்.

"குடும்ப விஷயம் சார்" என்றேன்.