புத்தகத்தில் இருந்த ஒரே யான்சி

வடக்குக் கரோலினாவில் சிகரெட்டால் பிழைத்த ஊர் அது. அங்கே யான்சி என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட ஆலைப் புகைபோக்கியைக் கைகாட்டும். ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர், நூலகத்துக்கு அந்தப் பெயர், ஊரார் சட்டைப்பையில் இருக்கும் பாக்கெட்டிலும் அந்தப் பெயர்தான். க்ளைட் யான்சிக்கும் அதே பெயர். ஆனால் அவர் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து எண்ணெய்க் கறையோடு மல்லுக்கட்டுகிறவர். அவருடைய தாத்தாவும் கம்பெனியை ஆரம்பித்தவரும் கூடப்பிறந்தவர்கள். இந்தத் தொழில் தேறாது என்று தாத்தா தன் பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு இரண்டு கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒன்று அந்தக் குளிர்காலத்திலேயே செத்துப்போயிற்று. என்ன சாமர்த்தியம் பாருங்கள்.

பெரிய வீட்டு யான்சிகளின் எண் தொலைபேசிப் புத்தகத்தில் வராது. காசு கட்டினால் பெயரை மறைத்துவிடுவார்கள். புத்தகத்தில் மிஞ்சியிருந்த ஒரே யான்சி க்ளைட்தான். நாட்டின் எந்த மூலையில் யாருடைய நுரையீரல் அழுகினாலும், வயிறெரிந்தவர்கள் தேடிப்பிடித்து அவர் வீட்டுக்கே அழைத்தார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

ஆரம்பத்தில், தான் அந்த யான்சி இல்லை என்று சொல்லிப்பார்த்தார். பணக்காரன் பொய் சொல்கிறான் என்று வசவு இன்னும் கூடியது. பிறகு மறுப்பதை விட்டுவிட்டார். தட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருக்க, ரிசீவரைக் காதில் வைத்தபடி நிற்பார். அந்தப் பக்கம் அழுது ஓய்ந்ததும், "மன்னிச்சிருங்க" என்பார். திரும்பி வந்து உட்காரும்போது ஒரு பேருந்தையே தூக்கிச் சுமந்தவர் மாதிரி இருப்பார்.

அவர் மனைவி நெல்டா அதே ஆலையில் பாக்கெட் கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்ந்தவள். கம்பெனி இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய சிகரெட் இன்னும் அவள் விரலை விடவில்லை. "வாங்க யான்சி துரை, மாளிகையில எல்லாரும் சௌக்கியமா?" என்று கேலி பேசுவாள். பிறகு கேலியும் அலுத்துவிட்டது. ஒரு நாளாவது சூடாகச் சாப்பிட வேண்டும், புத்தகத்திலிருந்து பெயரை எடுத்துத் தொலை என்று கெஞ்சத் தொடங்கினாள்.

"அலைஞ்சு திரிஞ்சு இந்த நம்பரைப் பிடிச்சிருப்பாங்க. எடுக்க ஆளே இல்லேன்னா பாவம் எங்கதான் போவாங்க?" என்பார் க்ளைட். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கம்பெனியின் துணைத் தலைவர் பிரிட்சர்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கேயோ கம்பெனிமேல் போட்ட ஒரு வழக்கில், யான்சி குடும்பத்து ஆளே தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக ஒரு விதவை கூண்டிலேறிச் சொல்லிவிட்டாளாம். அதனால் புத்தகத்தில் வராத புது எண் ஒன்றைக் கம்பெனியே தன் செலவில் வாங்கித் தருமாம்.

"மன்னிப்புங்கிற வார்த்தையே எங்களுக்கு ஆகாதுங்க, மிஸ்டர் யான்சி."

"அழுறவங்ககிட்ட வேற என்னத்தைச் சொல்றது?"

பிரிட்சர்ட் புது எண்ணுக்கான படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். க்ளைட் நெல்டாவைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அவளிடம் எட்டிப்பார்த்தது. அவருக்கும் அலுப்புத் தாங்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மணி அடிக்கவே இல்லை. சாப்பாட்டுக்கு ருசி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அவர் மனம் கூசியது. எவளோ ஒருத்தி எண்ணைச் சுழற்றி, அப்படி ஒரு இணைப்பே இல்லை என்ற இயந்திரக் குரலைக் கேட்டு நிற்பாள் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துவிட்டு இன்னொரு ரொட்டியைப் பிட்டுக்கொள்வார்.

வசந்தம் வந்தும் நெல்டாவின் இருமல் போகவில்லை. யான்சி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், நுரையீரலில் இரண்டு பக்கமும் புற்று பரவிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். தங்கைக்குச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தார் க்ளைட். அவள் எந்த எண்ணையும் சுழற்றவில்லை.

"யாரையாவது பிடிச்சு வாய்க்கு வந்தபடி திட்டணும்யா. யாரைக் கூப்பிடறது? புத்தகத்துல இப்ப ஒரு யான்சிகூட இல்லையே."

க்ளைட் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன்ல. திட்டு."

திட்டினாள். மூச்சு வாங்கும்போது நிறுத்தி நிறுத்தித் திட்டினாள். கழுதைக்குப் பங்கை விற்ற தாத்தாவையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். அவள் ஓய்ந்ததும், பழக்க தோஷத்தில் அவர் வாய் திறந்தது.

நெல்டா கையை நீட்டி அதைப் பொத்தினாள்.

"நீ சொல்லாதய்யா. அதை அந்தப் பெரிய வீட்டுக்காரனுங்க சொல்லட்டும்."

அவர்கள் சொல்லப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.