மஞ்சள் கோட்டுக்குள் சுத்தியல்

சுத்தியல் என்ற பெயர் அவனுக்கு அணுமின் நிலையத்தில் வந்ததல்ல, பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. கூடப் படித்த பயல் ஒருவன் அவனுடைய தங்கையின் சடையைப் பிடித்து இழுத்தான் என்று, அந்தப் பயலின் மூக்கை ஒரே குத்தில் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டான். அதற்குப் பிறகு பஸ்ஸிலோ சினிமா டிக்கெட் வரிசையிலோ எங்கே தகராறு என்றாலும் முதல் அடி அவனுடையதுதான். வாய் திறப்பதற்குள் கை பேசிவிடும். வீட்டில் கற்ற பாஷை அது. அப்பா பெல்ட்டால் பேசுவார், அம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்று கேட்டுக்கொள்வாள்.

இப்பேர்ப்பட்டவன் படித்துத் தேறி, அணு உலையின் கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் உரிமம் வாங்கினான் என்றதும் தெரிந்தவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த அறையைப் பார்க்காதவர்கள் அவர்கள். ஒரு சுவர் முழுக்கக் கைப்பிடிகளும் அளவு காட்டும் முட்களும் விளக்குகளுமாக ஒரு பெரிய பலகை. அதன் முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. பலகையைப் பொறுப்பேற்றவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தண்ணீர் தாகமா, வயிற்றைக் கலக்குகிறதா, வீடு தீப்பிடித்து எரிகிறதா, எதுவானாலும் சரி. மாற்று ஆள் வந்து, கோட்டுக்குள் நின்று, ஒவ்வொரு முள்ளாகப் பார்த்து, "ஏத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இவன் கால் வெளியே போகலாம்.

அதோடு போகவில்லை. வருகிறவன் உட்காரத் தகுதியான நிலையில் இருக்கிறானா என்று பார்க்க வேண்டியதும் போகிறவன்தான். கண் சொருகுகிறதா, கை நடுங்குகிறதா, மனசு எங்கேயோ இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் ஒப்படைக்க மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். மேலதிகாரி முறைத்தாலும் சொல்ல வேண்டும்.

சுத்தியலுக்கு இந்தச் சட்டதிட்டங்கள் பிடித்துப்போயின. சும்மா பிடிக்கவில்லை, உயிரைப் பிடித்துக்கொள்வது போலப் பிடித்துக்கொண்டான். அவனுடைய கோபத்துக்கு எல்லை போட்ட முதல் கோடு அதுதான். கோட்டுக்குள் இருக்கும்வரை அவன் வேறு ஆள். வெளியே வந்தால் பழைய ஆள்.

பழைய ஆள்தான் தங்கைக்கு வினையாகிவிட்டான். அவளைக் கட்டியவனும் அதே நிலையத்தில், அதே பலகையில், அடுத்த ஷிப்டில் உட்காருகிறவன். "தங்கமான பையன், கை சுத்தம்" என்று இவனே சிபாரிசு செய்து முடித்துவைத்த கல்யாணம். கை சுத்தம்தான், பணவிஷயத்தில். மாப்பிள்ளை முதல்முறை அவளை அடித்தபோது சுத்தியல் நேராக வீட்டுக்குப் போய் அவனை வாசற்படியில் போட்டுப் புரட்டி எடுத்தான். விலா எலும்பில் விரிசல். தங்கைக்கு விடிவு வந்தது என்று நினைத்துத் திரும்பினான். விலா ஆறியதும் மாப்பிள்ளை வாங்கியதை எல்லாம் வட்டியோடு அவளுக்குக் கொடுத்துவிட்டான். இரண்டாம் முறையும் அதே கதை. அண்ணன் அங்கே அடித்த ஒவ்வொரு அடியும் சுற்றி வந்து அவள் முதுகில்தான் விழுந்தது. அதன் பிறகு அவளே சொல்லிவிட்டாள், "நீ வராத அண்ணா. நீ வந்துட்டுப் போனா எனக்கு ஒரு வாரம் எந்திரிக்க முடியல."

அன்று சுத்தியலுக்குக் காலை ஷிப்ட். மத்தியானம் மாப்பிள்ளை வந்து மாற்ற வேண்டும். அதற்குச் சற்று முன்னால் ஷிப்ட் பொறுப்பாளரின் மேஜையில் போன் அடித்தது. கோட்டுக்குள் இருப்பவனுக்குச் சொந்த போன் கூடாது என்பதால், நீளமான ஒயரோடு ரிசீவரைக் கொண்டுவந்து அவன் காதில் வைத்தார். "உன் தங்கச்சி. சுருக்கமா பேசு."

பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அண்ணா," என்றாள். வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. "முன்பல்லு ரெண்டு போயிடுச்சு. காலு வீங்கிடுச்சு, ஊன முடியல. அவரு டூட்டிக்குக் கெளம்பிட்டாரு. என் சிநேகிதி கார் எடுத்துட்டு வர்றா, வந்து சேரச் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் அவர அங்கயே வெச்சுக்க. சீட்டுல உக்காந்துட்டா எந்திரிக்க முடியாதுல்ல? எப்படியாவது உக்கார வெச்சுடு. திரும்பி வந்தாருன்னா என்னக் கொன்னுடுவாரு."

"சரி," என்றான். கடைவாய்ப் பற்கள் நறநறவென்று அரைபட்டதைப் பக்கத்துப் பலகையில் இருந்த டர்பைன் அக்கா கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். மின்சாரம் எடுக்கும் டர்பைனைக் கவனிக்கும் பலகை அவளுடையது, அவளுக்கும் ஒரு கோடு உண்டு.

மாப்பிள்ளை வந்தான். வாசலில் ஊதிக்காட்டும் கருவியில் ஊதி, சுத்தமாகத் தேறித்தான் வந்திருந்தான். அவனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. குடித்துவிட்டு அடிப்பவனுக்காவது தெளிகிற நேரம் என்று ஒன்று உண்டு. தலை வாரியிருந்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். வலது கைமுட்டியில் மட்டும் தோல் பிய்ந்திருந்தது. பல்லில் பட்ட காயம். அதைப் பார்த்ததும் சுத்தியலுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்தக் கழுத்தைப் பிடித்து அந்தத் தலையைச் சுவரில் மோதினால் எப்படிச் சத்தம் கேட்கும் என்பதுவரை யோசித்துவிட்டான்.

ஆனால் தங்கை கேட்டது அதுவல்ல. உட்கார வை என்றுதானே கேட்டாள்? சாதாரணமாக ஒப்படைத்தால் போதும். அந்தக் கோடே அவனைக் கட்டிப்போட்டுவிடும். இருவரும் பலகையின் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். இவன் ஒவ்வொரு அளவாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒப்படைத்துவிடுவது என்று சுத்தியல் முடிவே செய்துவிட்டான். தன் தங்கைக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்?

பாதிப் பலகை முடிந்தபோது எச்சரிக்கை மணி அடித்தது. பலகையில் ஒரு சின்னச் சதுர விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. மாப்பிள்ளை எட்டி, உள்ளங்கையால் பளாரென்று பொத்தானை அறைந்து மணியை நிறுத்தினான். எந்தச் சதுரம் என்று பார்க்கவே இல்லை.

"எது வந்துச்சு?" என்றான் சுத்தியல்.

"என்ன எழவோ. சத்தம் நின்னுடுச்சுல்ல? மேல போ."

வந்தது ஒரு பம்ப்பின் எண்ணெய் வடிகட்டி அடைப்பு, அற்ப விஷயம்தான். ஆனால் சத்தம் போடுவது எதுவானாலும் அறைந்து அடக்குகிற கை அது. அந்தக் கையில் இந்த உலையைக் கொடுத்தால், அடுத்த சத்தம் அற்பமாக இல்லாமல் போனால், வேலியைச் சுற்றியிருக்கிற அத்தனை வீடுகளுக்கும் பதில் சொல்வது யார்? அந்த வீடுகளில் ஒன்றில்தான் தங்கை காலை ஊன முடியாமல் கிடக்கிறாள். சுத்தியல் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தான். பொறுப்பாளரிடம் சொன்னான்.

"சார், நான் ஒப்படைக்க மாட்டேன். இவரு உக்கார்ற நெலமையில இல்ல."

பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "குடும்பச் சண்டைய இங்க கொண்டு வராதப்பா."

"அலாரத்தப் படிக்காம அடிச்சு நிறுத்துறாரு சார். நீங்களும் பாத்தீங்க."

அவர் பார்த்திருந்தார். பெருமூச்சு விட்டு மாப்பிள்ளையிடம் திரும்பினார். "மாத்து ஆளக் கூப்பிடறேன். நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

தகுதியில்லாதவனை வீட்டுக்கு அனுப்பு என்பதுதான் விதி. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விதிக்கு எப்படித் தெரியும்?

மாப்பிள்ளையின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "ரொம்ப நல்லது. வீட்டுக்கே போறேன். அவகிட்டப் பாதியில விட்டுட்டு வந்த பேச்சு ஒண்ணு பாக்கி இருக்கு," என்று குனிந்து சுத்தியலின் காதில் சொன்னான். "நீ இங்கயே உக்காந்திரு மச்சான். எந்திரிக்கக் கூடாதுல்ல?"

சுத்தியலின் முஷ்டி இறுகியது. எழுந்து ஒரு குத்து விட்டால் போதும். ஆனால் இரண்டு பேர் கட்டிப்புரண்டு விழுவதற்கு அந்தப் பலகையின் முன்னால் இடமில்லை, விழுகிற முழங்கை எந்தக் கைப்பிடியில் பட்டாலும் வம்பு. தவிர, அந்தக் குத்தும் எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். இடது கையைத் தொடைக்கு அடியில் திணித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். வலது கையைப் பலகைக்காக வெளியே வைத்தான். பிறகு முட்களைப் பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"அவ வீட்டுல இல்ல மாப்ள. நான்தான் அனுப்பி வெச்சேன். எங்க இருக்கான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். நீ ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது."

பச்சைப் பொய். மீன் தூண்டிலைக் கவ்வியது.

"எங்கடா?" என்று சுத்தியலின் தலைமுடியைப் பிடித்து முன்னாலிருந்த மேஜை விளிம்பில் மோதினான் மாப்பிள்ளை. புருவம் கிழிந்தது. "எங்க? சொல்லு!" காதோடு சேர்த்து அறை. பொறுப்பாளர் பாய்ந்து வந்து இடுப்பைப் பிடித்தார், அவனுடைய ஒரே உதறலில் தள்ளிப்போய் விழுந்தார். "செக்யூரிட்டி! செக்யூரிட்டி!" என்று டர்பைன் அக்கா தன் கோட்டுக்குள் நின்றே கத்தி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பூட்டிய கதவுகளைத் தாண்டிக் காவலர்கள் வர வேண்டும். மாப்பிள்ளை மேஜையிலிருந்த கனத்த இரும்புப் பிளாஸ்க்கை எடுத்தான். தோளில் ஒன்று. தாடையில் ஒன்று. சுத்தியலின் வாய் உப்புக்கரித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அடியை அடியாகவே வாங்கினான். தொடைக்கு அடியில் இருந்த கை வெளியே வரத் துடித்தது. அதன்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த மணி அடித்தது. ஒரு கண்ணில் ரத்தம், இன்னொரு கண்ணால் தேடி, சதுரத்தைக் கண்டுபிடித்தான்.

"தண்ணித் தொட்டி... மட்டம் கொறைவு," என்று உரக்கப் படித்தான். முதுகில் ஓர் உதை விழுந்தது. "ரெண்டாம் பம்ப் போடறேன்."

"ரெண்டாம் பம்ப் போடறீங்க," என்று விதிப்படி திருப்பிச் சொன்னாள் டர்பைன் அக்கா. அவள் குரல் அழுகையில் உடைந்திருந்தது.

கைப்பிடியைத் திருப்பினான். பச்சை விளக்கு போய், பம்ப் ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு வந்தது. மணியை ஒரு விரலால் அழுத்தி நிறுத்தினான். அதற்குள் கதவு திறந்து காவலர்கள் வந்து விழுந்தார்கள். மாப்பிள்ளையைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, கையை முறுக்கிக் கட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் பலகைக்காரன்மேல் கை வைத்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். நேரே போலீஸ், பிறகு ஜெயில். அதுவும் விதிதான், மாப்பிள்ளையும் பரீட்சை எழுதிப் பாஸான விதி.

"சார்," என்றான் சுத்தியல். "எனக்கு ஒரு கண்ணு தெரியல. இப்ப நானும் தகுதியில்ல. மாத்து ஆள் வர்ற வரைக்கும் நீங்க எடுத்துக்கங்க."

உரிமம் வைத்திருந்த பொறுப்பாளர் சட்டையைத் தட்டிக்கொண்டு கோட்டுக்குள் வந்தார். ரத்தம் ஒழுகும் வாயால் இவன் ஒவ்வொரு அளவாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். "ஏத்துக்கிட்டேன்," என்று அவர் சொன்ன பிறகுதான் சுத்தியல் எழுந்தான். கோட்டைத் தாண்டியதும் கால் மடங்கி விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கிடந்தவனைப் பார்க்கத் தங்கை சிநேகிதியின் தோளைப் பிடித்து நொண்டி நொண்டி வந்தாள். அவளுக்கும் கட்டு, இவனுக்கும் கட்டு. பார்த்துக்கொண்டதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, உதடு வலித்து, நின்றுபோயிற்று.

"நீயா அண்ணா திருப்பி அடிக்காம உக்காந்திருந்த?"

"எந்திரிக்கக் கூடாதும்மா. மாத்த ஆள் வரணும்ல." நெடுநாளாகக் கேட்க நினைத்ததையும் கேட்டுவிட்டான். "நீ ஏன்மா இத்தன வருஷம் எந்திரிச்சு வரல?"

தங்கை அவனுடைய வீங்கிய முகத்தைக் கையால் தடவிக்கொடுத்தாள்.

"நீ வருவ, அவர அடிப்ப, போயிடுவ. என்ன மாத்திவிட யாரும் வரலயே அண்ணா," என்றாள்.