ஹஜ் கப்பலின் அஞ்சலட்டை

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே காபித்தூளும் மிளகும் விற்கிற கடை. கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், நான் தேடி வந்த அஞ்சலட்டை இருக்கிறது. ஒரே கப்பலின் படங்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். வெள்ளைக்காரர்கள் மேல்தளத்தில் நடனமாடும் அட்டை என்னிடம் உண்டு; போருக்காகச் சாம்பல் நிறம் பூசிய அட்டையும் உண்டு. ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற காலத்து அட்டை மட்டும் இல்லை.

விலை கேட்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார்.

“அதக் குடுக்க மாட்டனுங்க. எங்கம்மா ஹஜ்ஜுக்குப் போயிட்டுத் திரும்பறப்ப அந்தக் கப்பல்லதானுங்க நான் பொறந்தேன். ஏனுங்க, இப்ப அது எங்க ஓடுதுங்க?”

பதில் என் பையில் இருக்கிறது. அதே கப்பலின் கடைசி அட்டையைத் தயங்கித்தான் எடுத்து நீட்டுகிறேன். சேற்றுக் கரையில் கப்பலைப் பழைய இரும்புக்காகக் குறுக்காக அறுத்துப் போட்டிருக்கிறார்கள். அறைகள் அடுக்கடுக்காக வெளியே தெரிகின்றன.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறார்.

“பொறந்த ஊட்ட இடிச்சுப் போட்டாங்களே,” என்கிறார். பிறகு கடையின் உட்புறம் திரும்பி மனைவியை அழைக்கிறார். “மும்தாஜ், இங்க வா. நான் பொறந்த ரூமு இதுல எங்கயோ இருக்கோணும்.”

இருவரும் அட்டையின் மேல் குனிகிறார்கள். அவர் விரல் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு அறையாக நகர்கிறது.

வெளியே சேலம் பஸ் ஹாரன் அடிக்கிறது. அட்டையைத் திருப்பிக் கேட்காமல் கிளம்புகிறேன்.

“மேல தேடாதீங்க,” என்கிறார் மனைவி. “ஜன்னலே இல்லாத ரூமுன்னு மாமி சொல்லுவாங்க. நொம்பக் கீழ பாருங்க.”