மூன்றாவது சிலிண்டர்

அந்தக் கறுப்புக் கார் என் பட்டறை வாசலில் வந்து நின்றபோதே எஞ்சின் விட்டுவிட்டு உதறியது. மிராசுதார் பின்கதவைத் திறந்து இறங்கினார். டிரைவர் இறங்காமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

திருத்துறைப்பூண்டியில் நான் பட்டறை போட்ட புதிது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, யார் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. வயல்களில் கூலித் தகராறு. டிரைவரின் அண்ணன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். காருக்குள் மிராசுதார் பேசிய பினாமி விவகாரமெல்லாம் எப்படியோ சங்கத்துக்கு எட்டிவிட்டிருந்தது.

“பெட்ரோல்ல எதையோ கலந்திருக்கான். பாத்து எழுதிக் குடுப்பா, ஸ்டேஷன்ல குடுக்கணும்,” என்றார் மிராசுதார், டிரைவர் காதில் விழும்படியே.

அந்த நாட்களில் ஒரு துண்டுக் காகிதம் போதும், ஒருவரை உள்ளே தள்ள. டிரைவர் செய்திருப்பாரோ என்று எனக்கும் தோன்றியது. மறுகணமே, மிராசுதார்தான் ஆள் வைத்துச் செய்துவிட்டு என்னைச் சாட்சியாக்குகிறாரோ என்றும் தோன்றியது.

டேங்கிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

“பாத்தியா?” என்றார் மிராசுதார்.

மழைக்காலத்தில் எந்த டேங்கிலும் அவ்வளவு தண்ணீர் இருக்கும். டேங்கைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். உதறல் நிற்கவில்லை. பெட்ரோல்தான் காரணமென்றால் நான்கு சிலிண்டரும் தடுமாற வேண்டுமே? எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, நான்கைக் கழற்றியபோது எஞ்சின் இன்னும் மோசமாகத் திணறியது. மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் ஒரு மாற்றமும் இல்லை; அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதற்கு வேறு பிளக் போட்டும் பயனில்லை.

பிளக்குகளையெல்லாம் எடுத்துவிட்டு, “ஐயா, நீங்களே விரல வெச்சுப் பாருங்க,” என்றேன். டிரைவர் ஸ்டார்ட்டரை இழுத்தார். இரண்டாவது துளையில் காற்று மிராசுதாரின் கட்டைவிரலைத் தள்ளிவிட்டது. மூன்றாவதில் விரல் அசையவே இல்லை.

“காத்த அடச்சுப் புடிக்கிற வால்வு கருகிப்போச்சுங்க. ஓடி ஓடி ஆனது. யாரும் கெடுக்கல.”

அவர் விரலை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். “செலவு பண்றதுக்குப் பிரயோஜனம் உண்டா?”

“உண்டுங்க. மத்த மூணும் நல்லா இருக்கு. ஹெட்டக் கழட்டி வால்வு மாத்தினா இன்னும் பல வருஷம் ஓடும்.”

“அப்ப செஞ்சுடு.” பிறகு டிரைவரைப் பாராமலே, “நீயும் வேலையில இருந்துக்க,” என்றார்.

டிரைவர் அப்போதுதான் இறங்கினார். சாவியை மட்கார்டின் மேல் வைத்தார்.

“வேணாங்க ஐயா. நாளைக்கு பிரேக் புடிக்கலன்னாலும் என்னையத்தானே கேப்பீங்க.”

பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

கார் நன்றாகவே ஓடியது. மிராசுதார் டிரைவர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து, “யாராச்சும் கை வெச்சிருக்கானான்னு பாரு,” என்பார்.

இன்று ஒரு கருவியைச் செருகினால் எந்த சிலிண்டர் என்று நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. சங்கத்துக்குச் செய்தி சொன்னது அந்த டிரைவர்தானா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. அவராக இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே இருந்தாலும், நான் எழுதிக் கொடுக்காமல் விட்டது சரிதான்.